யோபுவின் நண்பர்களும் நாமும்

துன்பம் ஏன் வருகிறது என்னும் வினா மனித இனத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. கபிலவஸ்துவின் இளவரசரை அரண்மனை துறந்து வெளியேறச் செய்தது அவ்வினாவே. அரிச்சந்திரன் சுடலை காத்த கதையை நம் ஊர்க் கூத்து மேடைகளில் விடிய விடிய ஆட வைத்ததும் அவ்வினாவே. வள்ளுவப் பெருந்தகையார் ஊழின் வலிமையைக் கூற ஓர் அதிகாரமும், இடுக்கண் வந்தபோது உள்ளம் கலங்காதிருத்தலைக் கூற மற்றோர் அதிகாரமும் வகுத்தார். சமயங்கள் யாவும் தத்தம் வழியில் விடை கூறியுள்ளன. அவ்விடைகளை ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கும் கல்வியோ தகுதியோ எமக்கு இல்லை.

இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்டது அதனினும் சிறியதொரு வினா. துன்புறுகின்ற ஒருவர் அருகில் நாம் அமர்ந்திருக்கிறோம். அவருடைய துன்பத்துக்குக் காரணம் கூறும் உரிமை நமக்கு உண்டா? இவ்வினாவுக்கு எமக்குக் கிடைத்த விடை, நாள்தோறும் காலையில் வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிக்கும் பழக்கத்தின் வழியே கிடைத்தது. அதுவும் காலங்கடந்து கிடைத்தது. இச்சங்கத்து அன்பர்களுள் பெரும்பாலோர் வேறு சமயத்தினர் என்பதை அறிவோம். எவரையும் எம் வழிக்கு அழைப்பது நோக்கமன்று. ஒரு நூலை இடைவிடாது வாசித்ததனால் எம் பிழை ஒன்றை எவ்வாறு உணர்ந்தோம் என்பதைச் சொல்வதே நோக்கம்.

சொல்லத் தகாத ஆறுதல்

எமது அலுவலகத்தில் எமக்கு அடுத்த மேசையில் பணிபுரிபவர் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர். பதினோரு ஆண்டுகளாக ஒரே பிரிவில் இருவரும் கோப்புகளைக் கைமாற்றிக் கொண்டிருந்தோம். குளிர்காலத்தில் வெயில் படும் புல்வெளியில் அமர்ந்து உணவுப் பெட்டியைப் பகிர்ந்துகொள்வோம். அவருக்கு ஒரே மகன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். ஒரு நவம்பர் மாதத்து இரவில், வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு சாலைச் சந்திப்பில் லாரி மோதி இறந்தான்.

செய்தி அறிந்து அவர் இல்லம் சென்றோம். குடியிருப்பின் சிறிய முன்னறையில் பாய் விரித்திருந்தனர். அவர் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். யாமும் அமர்ந்தோம். சிறிது நேரம் பேச்சில்லை. அந்த அமைதியை எம்மால் தாங்க இயலவில்லை. ஏதேனும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சிறுவயது முதல் ஆலயத்தில் கேட்டுப் பழகிய சொற்கள் நாவில் வந்து நின்றன. கடவுள் காரணமின்றி ஒன்றும் செய்வதில்லை என்றோம். தாம் மிகவும் நேசிப்பவரை விரைவில் அழைத்துக்கொள்கிறார் என்றோம். இதிலும் ஏதோ ஒரு நன்மை இருக்கும், அது பிறகு விளங்கும் என்றோம்.

அவர் தலை நிமிர்ந்து எம்மைப் பார்த்தார். கோபம் சிறிதும் இல்லாத குரலில், “என்ன நன்மை சார்? உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். அவன் அம்மாவிடம் போய்ச் சொல்கிறேன்” என்றார்.

எம்மிடம் விடை இல்லை. உள்ளறையிலிருந்து அந்த அம்மையாரின் அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் எழுந்து வந்துவிட்டோம். அதன் பின் அலுவலகத்தில் அவர் எம்மிடம் கோப்பைப் பற்றி மட்டுமே பேசினார். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் புல்வெளிக்கு வருவதில்லை. துயரத்தால் மனம் கசந்துவிட்டார் என்றே எண்ணினோம். பிழை எம்முடையது என்று அப்போது தோன்றவில்லை.

வரிசையாக வாசித்தல்

எமது அன்னையார் திருநெல்வேலிச் சீமையில் பனைகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அவர் நாள்தோறும் விடியுமுன் எழுந்து வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பார். இதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. கருப்பு அட்டை போட்ட அந்நூலை மனம்போனபடி புரட்டிக் கண்ணில் பட்டதைப் படிக்கமாட்டார். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷத்தில் முடித்து, மறுநாளே மீண்டும் ஆதியாகமத்துக்கு வருவார். எம் சபையார் பயிலும் வேதாகமத்தில் 66 நூல்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளொன்றுக்கு ஓர் அதிகாரம் என்றால் ஒரு சுற்று முடிய மூன்றே கால் ஆண்டுகள் ஆகும். அவ்வாறு அன்னையார் எத்தனை சுற்று முடித்தார் என்று கணக்கு வைத்துக்கொண்டதில்லை. வம்ச அட்டவணைகளையும், ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளையும், கூடாரத் துணிகளின் நிறங்களையும் கூட விடாமல் படிப்பார். அவற்றில் என்ன இருக்கிறது என்று சிறுவயதில் கேட்டதுண்டு. “இருக்கதால படிக்கேன்” என்பார்.

இந்நூல் தமிழில் வந்த வரலாறே துன்பத்தோடு பிணைந்தது. தரங்கம்பாடிக்கு 1706 ஆம் ஆண்டு வந்திறங்கிய சீகன்பால்கு, 1708 அக்டோபரில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே அங்கிருந்த டேனியத் தளபதியின் பகைக்கு ஆளாகி, டேன்ஸ்பர்க் கோட்டையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். விடுதலையான பின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து 1711 இல் முடித்தார். 1714, 1715 ஆம் ஆண்டுகளில் அது தரங்கம்பாடியிலேயே அச்சேறியது. பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரை வந்த நிலையில், 1719 இல் முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். சூல்ட்சு என்பவர் எஞ்சியதை முடித்து 1728 இல் வெளியிட்டார். அதன்பின் செம்மையானதொரு மொழிபெயர்ப்பைத் தந்த பப்ரிசியு, முதுமையில் கடன் வழக்கில் சிறைப்பட்டு 1791 இல் சென்னையில் இறந்தார். 1850 இல் அச்சான மற்றொரு மொழிபெயர்ப்பில், யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியார் ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்றார் என்பது தமிழுலகம் அறிந்ததே. 1871 இல் ஹென்றி பவர் முதலானோர் முயற்சியால் வெளிவந்த மொழிபெயர்ப்பே எமது அன்னையார் கையில் இருந்தது. அந்த நடை இக்காலத்தார்க்குச் சற்றுக் கடினம். ஆயினும் அவருக்கு அதுவே தாய்மொழி போல் இருந்தது.

தந்தையார் மறைந்த பின் அன்னையாரைத் தலைநகரில் எம் குடியிருப்புக்கு அழைத்து வந்தோம். வந்த இரண்டாம் ஆண்டில், கண்ணில் அழுத்தம் கூடிய நோயால் அவர் பார்வை மங்கிப் பின் அறவே அற்றுப்போயிற்று. அதனால் வாசிக்கும் கடமை எமக்கு வந்து சேர்ந்தது. காலை ஐந்தரை மணிக்கு, அலுவலகத்துக்குப் புறப்படுமுன், அவர் கட்டிலருகே அமர்ந்து ஓர் அதிகாரம் வாசிப்போம். அவர் போர்வைக்குள்ளிருந்து கேட்பார். உண்மையைச் சொன்னால், தொடக்கத்தில் அது எமக்கு அன்னைக்குச் செய்யும் பணிவிடையாக இருந்ததேயன்றி வழிபாடாக இல்லை.

நாற்பத்திரண்டு நாட்கள்

எஸ்தர் நூலை முடித்து யோபு நூலைத் தொடங்கிய வாரத்தில்தான் அன்னையாரின் வயிற்றுவலிக்கு மருத்துவர் பெயர் சொன்னார். புற்றுநோய், அறுவைக்கு உரிய நிலையைக் கடந்துவிட்டது. அன்னையாரிடம் மறைக்க முயன்றோம். அவர் அறிந்துகொண்டார்.

யோபுவின் கதையைச் சுருங்கக் கூறுவோம். ஊத்ஸ் தேசத்தில் யோபு என்னும் உத்தமர் வாழ்ந்தார். ஏழு மகன்களும் மூன்று மகள்களும், ஏழாயிரம் ஆடுகளும், மூவாயிரம் ஒட்டகங்களும் உடையவர். ஒரே நாளில் செல்வமும் மக்களும் அழிய, பின்னர் உடலெங்கும் கொடிய பருக்கள் தோன்ற, அவர் சாம்பலில் உட்கார்ந்தார். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர் மூவர் அவரைக் காண வந்தனர். நம் அரிச்சந்திரனைப் போன்றே இவரும் சோதனைக்கு உள்ளானவர். ஆனால் அரிச்சந்திரன் வாய்மை காத்து அடங்கி நிற்க, யோபு வாய்திறந்து பேசுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார்.

அந்த மூன்றாம் அதிகாரத்தை வாசிக்க வேண்டிய நாள் வந்தது. நோயுற்ற முதியவரிடம், பிறந்த நாளைச் சபிக்கும் பகுதியை விடியற்காலையில் வாசிப்பது முறையா என்று தயங்கினோம். பக்கத்தைத் தள்ளி, ஆண்டவரை மேய்ப்பராகப் பாடும் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை வாசித்தோம். அன்னையார் முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, “யோபு மூணு எங்கய்யா?” என்றார். இன்று வேண்டாம் அம்மா என்றோம். “விட்டுட்டு வாசிக்காதய்யா. யோபு பேசுனத ஆண்டவரே எடுத்துப் போடல. நீ ஏன் எடுத்துப் போடுத?” என்றார்.

மூன்றாம் அதிகாரத்தை வாசித்தோம். அவர் கண்களை மூடி, தலையை மெல்ல அசைத்துக் கேட்டார். ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் பேசுவதைக் கேட்பவர் போல் இருந்தது அவர் முகம்.

யோபு நூலில் 42 அதிகாரங்கள். நாளொன்றுக்கு ஒன்றாக வாசிப்பவர் ஆறு வாரங்கள் அந்தச் சாம்பலிலேயே உட்கார வேண்டும். கதையை மட்டும் அறிந்தவர்க்கு முதல் இரண்டு அதிகாரங்களும் கடைசி அதிகாரமும் போதும். துன்பம் வந்தது, பொறுத்தார், இரட்டிப்பாகப் பெற்றார் என்று முடித்துவிடலாம். வரிசையாக வாசிப்பவர்க்கு அவ்வசதி இல்லை. மூன்று முதல் முப்பத்தேழு வரை முப்பத்தைந்து அதிகாரங்கள் வாக்குவாதமே. முப்பத்தைந்து காலைகள் யாம் அந்த நண்பர்களின் பேச்சை வாய்விட்டு வாசித்தோம்.

அவர்கள் தீயவர் அல்லர். தொலைவிலிருந்து வந்தனர், யோபுவைக் கண்டு உரத்துக் கதறினர், ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தனர். அவர்கள் செய்தவற்றுள் மிகச் சிறந்தது அதுவே. பின்னர்ப் பேசத் தொடங்கினர், அங்கேதான் தவறினர். கடவுள் நீதியுள்ளவர்; ஆகவே காரணமின்றித் தண்டிக்கமாட்டார்; ஆகவே நீ ஏதோ பிழை செய்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் வாதத்தின் சாரம். தனித்தனியே எடுத்தால் அவர்கள் கூறியவற்றுள் பல நல்ல கருத்துகள். ஆலயங்களில் இன்றும் பிரசங்கிக்கத் தக்கவை. பத்தாம் நாளோ பன்னிரண்டாம் நாளோ வாசித்துக்கொண்டிருக்கையில் ஒரு வரியில் எம் குரல் தடைப்பட்டது. அந்த நண்பரின் வாயிலிருந்து வருவது எமது குரல் என்று உணர்ந்தோம். குடியிருப்பின் முன்னறையும், சுவரில் சாய்ந்த அன்பரும், உள்ளறை அழுகையும் நினைவுக்கு வந்தன.

முப்பத்தெட்டாம் அதிகாரத்தில் கடவுள் பேசுகிறார். ஏன் துன்பம் வந்தது என்று அவர் சொல்வதில்லை. நூலின் தொடக்கத்தில் வாசகர்க்குச் சொல்லப்பட்ட காரணமும் யோபுவுக்குச் சொல்லப்படவேயில்லை. கடலுக்கு எல்லை இட்டதையும், மலையாடு ஈனும் காலத்தையும், குதிரையின் வலிமையையும் கூறி, அவற்றை நீ அறிவாயோ என்று வினவுகிறார். இதை விடையாக ஏற்க எமது அறிவு இன்னும் தயங்குகிறது. ஆனால் கடைசி அதிகாரத்தில் ஐயத்துக்கு இடமில்லாத தீர்ப்பு ஒன்று உண்டு. கடவுள் எலிப்பாசை நோக்கி, நீயும் உன் நண்பர் இருவரும் என்னைக் குறித்து என் ஊழியன் யோபு பேசினதுபோல் சரியாகப் பேசவில்லை என்கிற கருத்துப்படக் கடிந்துகொள்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் பிழைபட்டவர்கள். கடவுளோடு வாதாடியவர் சரியாகப் பேசியவர். நண்பர்களுக்காக யோபு வேண்டிக்கொண்டபோது அவருடைய வாழ்வு மீண்டது என்றும் நூல் கூறுகிறது.

இன்னுமொன்று. ஆடுகளும் ஒட்டகங்களும் இரட்டிப்பாயின. மக்களோ முன்போலவே ஏழு மகன்களும் மூன்று மகள்களும்தான். இழந்த பிள்ளைக்கு ஈடு என்று ஒன்று இல்லை என்பதை அந்த எண்ணிக்கை அறிந்திருப்பதுபோல் எமக்குத் தோன்றுகிறது. எல்லாம் மீண்ட பிறகும் உறவினர் வந்து யோபுவுக்காக இரங்கி ஆறுதல் கூறினர் என்றே எழுதப்பட்டுள்ளது.

முறையீடும் பக்தியும்

யோபுவுக்கு அடுத்தது சங்கீதங்கள். 150 பாடல்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை முறையீட்டுப் பாடல்கள். நாம் மனப்பாடம் செய்வதும் சுவரில் எழுதி மாட்டுவதும் மற்றவற்றையே. எண்பத்தெட்டாம் சங்கீதம் இருளைப் பற்றிய சொல்லோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் ஒரு துதி இல்லை, ஒரு நம்பிக்கைச் சொல் இல்லை. அதை வாசித்த நாளில் அன்னையாருக்கு வலி மிகுந்திருந்தது. இம்முறை தள்ளிப் படிக்கவில்லை. முடித்தபோது அவர், “இவனும் நம்மளப் போலத்தான்” என்றார். அவ்வளவே. ஆயினும் அன்று அவர் தனியாக இல்லை என்பதை உணர்ந்தோம். எந்தக் காலத்திலோ எந்த நாட்டிலோ நொந்த ஒருவர் அவர் கட்டிலருகே வந்து அமர்ந்திருந்தார்.

எருசலேம் கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனியரால் அழிந்ததைப் பாடும் புலம்பல் என்னும் நூலின் முதல் நான்கு அதிகாரங்கள் எபிரெய நெடுங்கணக்கின் வரிசையில் அமைந்தவை. ஔவையார் அறத்தை அகர வரிசையில் அமைத்தார். அந்நூலாசிரியர் அழுகையை எழுத்து வரிசையில் அமைத்தார். முதலெழுத்து முதல் கடையெழுத்து வரை ஒன்றையும் விடாமல் அழுதுதீர்க்க வேண்டும் என்று அவர் எண்ணியிருக்கலாம். எம் அன்னையார் விட்டுவிட்டு வாசிக்காதே என்றதும் இதுவே போலும்.

கடவுளிடம் முறையிடுவது பக்திக் குறைவு ஆகாதோ என்று கேட்கலாம். தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. திருவொற்றியூரில் செய்த சூளுறவை மீறியதால் பார்வை இழந்த சுந்தரர், தடுமாறி நடந்து, காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பெற்றார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அவ்வழியில் அவர் இறைவனை நோக்கிப் பாடிய பதிகங்களில் நயந்து வேண்டுதலும் உண்டு. கடிந்து கேட்டலும் உண்டு. அவரைத் தம்பிரான் தோழர் என்றே நம் முன்னோர் போற்றினர். தோழன் என்பதனால்தான் சண்டையிட முடிந்தது. நம்பிக்கை என்னும் சொல்லையும் எண்ணிப் பார்க்கலாம். நம்பு என்னும் உரிச்சொல்லுக்குத் தொல்காப்பியர் தரும் பொருள் நசை, அதாவது விருப்பம். ஐயமற்ற உறுதி என்பது பிற்காலத்துப் பொருள். பழந்தமிழில் நம்புதல் என்பது ஒன்றை நோக்கி உள்ளம் விழைந்து நிற்றல். அவ்வாறாயின், விடை தெரியாமல் இருளில் அழைத்துக்கொண்டிருப்பவனும் நம்புகிறவனே.

சுவிசேஷங்களிலும் இந்நிலையே. சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தனர். எருசலேமில் வாழ்ந்த மற்றவரைக் காட்டிலும் அவர்கள் குற்றவாளிகளோ என்று இயேசு வினவி, அல்ல என்று தாமே மறுத்தார். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்டு, இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர் கேட்டனர். நம் தெருக்களில் இன்றும் கேட்கப்படும் கேள்விதான் அது. முற்பிறவி என்போம், பெற்றோர் செய்த வினை என்போம், சொல் வேறாயினும் விரல் ஒன்றே. இருவரும் அல்லர் என்று கூறிய அவர், கடவுளின் செயல் அவனிடம் வெளிப்பட வேண்டும் என்று சொல்லி, மண்ணைக் குழைத்து அவன் கண்களில் பூசினார். காரணம் தேடியவர்களைச் செயலின் பக்கம் திருப்பினார். நண்பன் லாசருவின் கல்லறைக்கு வந்தபோது, அவனை எழுப்பப் போவதை அறிந்திருந்தும், முதலில் அழுதார். சிலுவையில் தொங்கியபோது அவர் வாயில் வந்ததும் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் தொடக்கம். ஏன் கைவிட்டீர் என்னும் கேள்வி. அக்கேள்விக்கு வானத்திலிருந்து அப்போது விடை வந்ததாக எந்தச் சுவிசேஷமும் கூறவில்லை.

ஒரு காலைப் பொழுது

நூற்றிரண்டாம் சங்கீதத்தை வாசித்த அன்று இரவு அன்னையார் காலமானார். அது துயருற்றவன் ஒருவனின் விண்ணப்பம். மறுநாள் விடியுமுன் உற்றாரும் அயலாரும் வந்துபோய்க்கொண்டிருந்தனர். பலர் பேசினர். நிறைவான வயது என்றனர். வலியிலிருந்து விடுதலை என்றனர். எல்லாம் நன்மைக்கே என்றனர். அன்புடன்தான் பேசினர். ஒவ்வொரு சொல்லும் எம்மைத் தொலைவில் கொண்டுபோய் வைத்தது.

ஐந்து மணியளவில் அடுத்த மேசை அன்பர் வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக எம் வீட்டுக்கு வராதவர். தம் வீட்டில் போட்ட காப்பியைக் குடுவையில் கொண்டுவந்திருந்தார். ஒரு கோப்பையில் ஊற்றி எம் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் தரையில் அமர்ந்தார். ஒன்றும் பேசவில்லை.

ஐந்தரை மணி அடித்தது. கை தானாக வேதாகமத்தை எடுத்தது. அடையாள நாடா இருந்த இடத்துக்கு அடுத்தது நூற்றுமூன்றாம் சங்கீதம். அது முழுவதும் துதி. எண்பத்தெட்டைத் தள்ளிப் படிக்கலாகாது என்றால் நூற்றுமூன்றையும் தள்ளலாகாது. ஆனால் வாய் எழவில்லை. அவர் சற்று நேரம் பார்த்திருந்தார். “எந்த இடம் சார்?” என்று கேட்டார். காட்டினோம். நூலை வாங்கிக் கண்ணாடியை அணிந்துகொண்டு, பழக்கமில்லாத அந்த நடையில் தடுக்கித் தடுக்கி அவரே வாசித்தார். தகப்பன் தன் பிள்ளைகளுக்கு இரங்குவதைப் பற்றிய அடி ஒன்று அதில் உண்டு. அங்கே வந்தபோது அவர் குரல் நின்றது. யாம் அவர் கையைப் பற்றிக்கொண்டோம். சிறிது நேரம் கழித்து அவர் மீண்டும் தொடங்கி முடித்தார். துதிக்கும் மனம் எமக்கு அன்று இல்லை, அவருக்கும் இருந்திருக்காது. ஆயினும் அந்த அதிகாரம் வாசிக்கப்பட்டது.

சில வாரங்களுக்குப் பின் ஒருநாள் புல்வெளியில், முன்பு யாம் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டோம். அவர் மகனைப் பற்றிச் சொல்லுமாறு வேண்டினோம். நெடுநேரம் பேசினார். அவனுக்குப் பிடித்த உணவையும், வாங்கித் தருவதாகச் சொல்லி வாங்கித் தராத மிதிவண்டியையும் பற்றிச் சொன்னார். அந்தச் சந்திப்பில் விளக்கே இல்லை என்றும், அதன் பின்னும் அங்கே இரண்டு விபத்துகள் நிகழ்ந்தன என்றும் சொன்னார். எமக்கு முகம் சுண்டியது. கடவுளின் மறைவான நோக்கம் என்று யாம் விளக்கியது, எரியாத விளக்கைப் பற்றிக் கேட்கவும் தோன்றாமல் செய்திருந்தது. எமக்குத் தெரிந்த தொழில் மனு வரைவது. அதைக்கூட அன்று யாம் அவருக்குக் கொடுக்கவில்லை, காரணத்தைக் கொடுத்தோம். நல்ல சமாரியன் உவமையில், வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டவன் அவன் ஏன் அடிபட்டான் என்று ஆராயவில்லை; காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான்; சத்திரத்தில் சேர்த்து இரண்டு பணமும் கொடுத்தான்.

இருவரும் சேர்ந்து மனு எழுதினோம். குடியிருப்பில் உள்ளோரிடம் கையொப்பம் பெற்று உரியவர்க்கு அனுப்பினோம். நான்கு நினைவூட்டல்களுக்குப் பின் அச்சந்திப்பில் விளக்குப் போட்டார்கள். அதனால் அவர் மகன் திரும்பிவிடவில்லை. அவன் இறந்ததன் நன்மை இதுதான் என்று யாரேனும் சொன்னால் யாம் உடன்படமாட்டோம். அவன் உயிரோடிருக்கும்போதே அவ்விளக்கு எரிந்திருக்கலாம்.

ஆகவே தொடக்கத்து வினாவுக்கு எம்மால் இயன்ற விடை இது. தன் துன்பத்துக்குப் பொருள் காணும் உரிமை துன்புறுகின்றவருக்கு உண்டு. எமது அன்னையார் தம் வலியில் எதையோ கண்டார்; என்ன என்று எம்மிடம் கூறவில்லை, யாமும் கேட்கவில்லை. பிறர் துன்பத்துக்குக் காரணம் கூறும் உரிமை நமக்கு இல்லை. அருகில் உட்காரவும், சொன்னால் கேட்கவும், நீக்கக் கூடியதை நீக்க முயலவும் மட்டுமே நமக்கு இடமுண்டு. இது பெரிய தத்துவம் அன்று; எவரும் அறிந்ததே. ஆயினும் அறிந்ததன்படி வாய்மூடி இருப்பதற்கு எமக்கு நாற்பத்திரண்டு காலைகள் தேவைப்பட்டன.

அன்னையாரின் வேதாகமம் இப்போது எம் மேசையில் இருக்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அச்சுற்றை முடித்து, அடுத்த சுற்றைத் தொடங்கியுள்ளோம். விளங்காத பகுதிகள் முன்போலவே விளங்காமல் இருக்கின்றன. தள்ளிவிடாமல் வாசித்து வருகிறோம்.